அலுமாரிக்கு மேலே கிடக்கும் கிற்றாரை இறக்குவது எப்படி

"அன்ரி, இது அப்பா வாசிச்சது. அலுமாரிக்கு மேலே கிடந்தது. திரும்பச் சத்தம் வருமா?"

கொட்டாஞ்சேனையில் என் வீட்டு முன்னறைதான் என் பட்டறை. கிற்றாரைக் கொண்டு வருகிறவர்களில் பாதிப் பேர் இந்தக் கேள்வியோடுதான் படியேறுவார்கள். "வரும்" என்றுதான் நான் பெரும்பாலும் சொல்வது. ஆனால் வருவதற்கு முதல் நாள் இரவே சிலர் ஒரு வேலை செய்துவிடுகிறார்கள். தூசியைத் தட்டி, போனில் டியூனரைப் போட்டு, இருபது வருடம் தூங்கிய ஆறு தந்தியையும் ஒரே இருப்பில் முழுச் சுருதிக்கு முறுக்கிவிடுகிறார்கள். விடியும்போது பிரிட்ஜ், அதாவது மேற்பலகையில் தந்திகளைப் பிடித்திருக்கும் மரத்துண்டு, பெயர்ந்து கிடக்கும். அந்த ஒரு இரவைத் தடுப்பதற்காகத்தான் இதை எழுதுகிறேன்.

என் கை முதலில் பழகியதும் அப்படியொரு கிற்றாரில்தான். அப்பா துறைமுகத்தில் கிளார்க். 1968இல் கப்பலில் வந்த ஒருவரிடம் ஒரு மாதச் சம்பளத்தைக் கொடுத்து, சின்ன நைலோன் தந்திக் கிற்றார் ஒன்றை வாங்கினார். பிறகு கல்யாண வீடுகளில் வாசித்தார். நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பாடிய பொப் பாட்டுகள் எல்லா வீட்டிலும் கேட்ட காலம் அது. அந்தக் கிற்றார் இப்போதும் என்னிடம் இருக்கிறது. கீழே சொல்வதில் பாதியை அது எனக்குக் கற்றுத் தந்தது.

முதலில் வாசித்தவரைக் கேளுங்கள்

வாசித்தவர் உயிரோடு இருந்தால், கிற்றாரைத் தொடுவதற்கு முன் அவருக்குப் பக்கத்தில் ஒரு கதிரையைப் போட்டு உட்காருங்கள். போனில் ரெக்கோர்டரைப் போட்டுவிட்டுக் கேளுங்கள். எங்கே வாங்கினீர்கள்? என்ன தந்தி போட்டீர்கள், நைலோனா கம்பியா? எப்போதாவது விழுந்ததா? யாராவது ஒட்டிக் கொடுத்தார்களா? மற்றதெல்லாம் மறந்தவர்கள்கூடத் தங்கள் முதல் கிற்றாரைப் பற்றிக் கேட்டால் விலை, கடை, அன்றைக்கு மழை பெய்ததா என்பது வரை சொல்வார்கள். பழுது பார்க்கிறவளுக்கு அந்தக் கதைக்குள்தான் வேலைக்குத் தேவையான விஷயம் இருக்கும்.

அப்பாவின் கதையையே சொல்கிறேன். 1970 முதல் 1977 வரை நாட்டில் இறக்குமதிக் கட்டுப்பாடு. தந்தி கிடைக்காது. மெல்லிய முதலாம் தந்தி அறுந்தபோது சைக்கிள் பிரேக் கேபிளில் இருந்து ஒரு இழையை உருவி அப்பா அதில் கட்டினார். நல்ல கணீரென்று கேட்டதாம். பிறகு மற்றத் தந்திகளுக்கும் யாரோ கொடுத்த பழைய இரும்புக் கம்பிகளைப் போட்டார். சில கிழமைகளில் பிரிட்ஜின் பின்பக்கம் மேலே எழும்பிவிட்டது. காரணம் இதுதான்: நைலோன் தந்திகள் ஆறும் சேர்ந்து இழுப்பது ஏறக்குறைய 40 கிலோ, இரும்புத் தந்திகள் இழுப்பது ஏறக்குறைய 70 கிலோ. 40 கிலோவைத் தாங்கச் செய்த மெல்லிய பலகை 70ஐ எப்படித் தாங்கும்? இதைச் சொல்ல அன்றைக்கு அப்பாவுக்கு ஆள் இல்லை. மொறட்டுவையில் தளபாடம் செய்கிற ஒரு தச்சரிடம் பஸ்ஸில் கொண்டு போனார். அவர் பசை போட்டு, பிரிட்ஜுக்குள் இரண்டு ஸ்குரூவையும் இறக்கி, மேலே மரத்தூளும் பசையும் குழைத்து மூடி, இருந்த இடம் தெரியாமல் தேய்த்துக் கொடுத்தார்.

2009இல் அந்தப் பிரிட்ஜை நான் திரும்பக் கழற்ற வேண்டி வந்தது. வழக்கமாகச் சூடு காட்டி, மெல்லிய கத்தியைச் செருகி நெம்புவோம். அப்பாவின் கதை தெரியாமல் நெம்பியிருந்தால் ஸ்குரூ பலகையைப் பிய்த்துக்கொண்டுதான் வந்திருக்கும். ஆகவே கதையைக் கேளுங்கள். வாசித்தவர் இல்லை என்றால், அவரோடு சேர்ந்து வாசித்தவர்களைத் தேடிப் போய்க் கேளுங்கள்.

ரோச் வெளிச்சத்தில் பாருங்கள்

தந்திகளைத் தளர்த்துங்கள். முறுக்க வேண்டாம், தளர்த்தவே வேண்டும். பிறகு சத்த ஓட்டைக்குள் ரோச்சை அடித்து, சின்ன முகக் கண்ணாடியை உள்ளே பிடித்துப் பாருங்கள். பலகைக்கு அடியில் குறுக்காக ஒட்டிய மரச் சட்டங்கள் தெரியும். விரல் முட்டியால் மேற்பலகையை மெதுவாகத் தட்டிக்கொண்டே போனால், ஒட்டு விட்ட சட்டம் இருக்கும் இடத்தில் மட்டும் 'டொக்' என்பதற்குப் பதிலாக ஒரு கரகரப்புக் கேட்கும். அந்த இடத்தில் பென்சிலால் ஒரு புள்ளி வையுங்கள்.

பூச்சி அரித்த ஓட்டை இருந்தால் பயப்பட வேண்டாம். வெள்ளைக் கடதாசிக்கு மேல் கிற்றாரை ஒரு இரவு வையுங்கள். காலையில் கடதாசியில் மாவு போலத் தூள் விழுந்திருந்தால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கிறது. மற்ற மரச் சாமான்களில் இருந்து பிரித்து வைத்துவிட்டு ஆளைக் காட்டுங்கள். மண்ணெண்ணெய் மட்டும் ஊற்ற வேண்டாம். மரம் அதைக் குடித்த பிறகு அந்த இடத்தில் பசை ஒட்டாது. தூள் விழவில்லை என்றால் அது பழைய ஓட்டை, அதனால் கேடு இல்லை. குவீன் குழுவின் பிரையன் மே 1963இல் தன் தகப்பனோடு சேர்ந்து வீட்டிலேயே கிற்றார் செய்யத் தொடங்கியபோது, கழுத்துக்கு எடுத்தது ஒரு பழைய கணப்படுப்பின் சட்ட மரம். அதில் பூச்சி ஓட்டைகள் இருந்தன. தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார்கள். அந்தக் கிற்றாரைத்தான் அவர் பிறகு குவீன் மேடைகளில் வாசித்தார். என்னிடம் வருகிற பிள்ளைகள் ஓட்டையைக் கண்டு முகம் வாடினால் இந்தக் கதையைச் சொல்வேன்.

அடுத்தது கழுத்து. தடித்த ஆறாம் தந்தியை லேசாக இழுபடும் அளவுக்கு மட்டும் முறுக்கி, முதலாம் பிரெட்டிலும் (கழுத்தில் குறுக்கே பதித்த உலோகக் கோடுதான் பிரெட்) பதினாலாம் பிரெட்டிலும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். இப்போது தந்தி உங்களுக்கு நேர் அடிமட்டம். ஏழாம் பிரெட்டுக்கு மேலே ஒரு விசிட்டிங் கார்ட் நுழையும் இடைவெளி, அதாவது கால் மில்லிமீட்டர் அளவு இருந்தால் கழுத்து சரி. இரண்டு மூன்று கார்ட் நுழைந்தால் கழுத்து முன்னுக்கு வளைந்திருக்கிறது. இரும்புத் தந்திக் கிற்றார்களில் பெரும்பாலும் கழுத்துக்குள் ட்ரஸ் ரொட் என்று ஒரு இரும்புக் கம்பி ஓடும். சரியான அலன் கீயால் வலப்பக்கம் கால் சுற்று. அவ்வளவுதான். ஒரு நாள் விட்டு, திரும்ப அளந்து, வேண்டுமானால் இன்னொரு கால் சுற்று. கை இறுகினால் நிறுத்துங்கள். பழைய நைலோன் கிற்றார்களில் இந்தக் கம்பி இருப்பது அரிது. அவை வளைந்திருந்தால் அது வீட்டில் செய்கிற வேலை அல்ல.

கழுத்தைக் கழற்றிப் பார்க்கும் ஆசை மட்டும் வேண்டாம். பீட்டில்ஸ் குழுவின் ஜோர்ஜ் ஹரிசன் சிறுவனாக இருந்தபோது கிடைத்த முதல் கிற்றார், ஹொலண்டில் செய்த மலிவான எக்மண்ட். கழுத்தைப் பிடித்திருந்த ஸ்குரூவைக் கழற்றிவிட்டார், திரும்பப் பூட்டத் தெரியவில்லை. கிற்றார் இரண்டு துண்டாக அலுமாரிக்குள் போனது. பிறகு அண்ணன்தான் பூட்டிக் கொடுத்தார்.

தந்தி போடும் மூன்று நாள்

எந்தத் தந்தி என்பதில் பிழை விடக்கூடாது. பிரிட்ஜில் தந்தியைச் சுற்றி முடிச்சுப் போட வேண்டியிருந்தால், தலையில் இரண்டு நீண்ட துவாரம் இருந்தால் அது நைலோன் கிற்றார். நைலோன்தான் போட வேண்டும். பிரிட்ஜில் ஆறு முளைகள் செருகியிருந்தால் இரும்பு. இரும்பிலும் பழைய கிற்றாருக்கு 12 வேண்டாம், 10இல் தொடங்கும் மெல்லிய செட் போதும் (முதலாம் தந்தியின் தடிப்பு, அங்குலத்தில் ஆயிரத்தில் எத்தனை என்பதுதான் இந்த எண்).

முதல் நாள் வழக்கமான சுருதியில் இருந்து ஒரு முழுச் சுரம் கீழே, அதாவது ஆறாம் தந்தியை ஈ (E) சுரத்துக்குப் பதிலாக டீ (D) சுரத்தில் நிறுத்துங்கள். மற்ற ஐந்தையும் அதே அளவு இறக்குங்கள். இப்படி ஒரு சுரம் இறக்கினாலே இழுவை ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். இரவு அப்படியே விட்டுக் காலையில் பிரிட்ஜின் பின் விளிம்பில் ஒரு கடதாசி நுனியைச் செருகிப் பாருங்கள். நுழையவில்லை என்றால் அரைச் சுரம் ஏற்றுங்கள். மூன்றாம் நாள் முழுச் சுருதி. எங்காவது கடதாசி நுழைந்தால் உடனே தளர்த்தி, ஒட்டுவதற்குக் கொண்டு போங்கள். மிகப் பழைய கிற்றார் என்றால் நான் டீயிலேயே விட்டுவிடுவேன். பாட்டுக்குச் சுருதி வேண்டுமானால் இரண்டாம் பிரெட்டில் கப்போ (எல்லாத் தந்தியையும் அழுத்திப் பிடிக்கும் கவ்வி) போடலாம்.

பிறகு தந்தியின் உயரம். அடிமட்டத்தைப் பன்னிரண்டாம் பிரெட்டுக்கு மேல் நிறுத்தி அளங்கள். இரும்புத் தந்தியென்றால் ஆறாம் தந்திக்கு 2.4 மில்லிமீட்டரும் முதலாம் தந்திக்கு 1.8உம் நல்லது. நைலோனுக்கு 4உம் 3உம். கூடுதலாக இருந்தால் பிரிட்ஜில் தந்திகள் ஏறி நிற்கும் வெள்ளை எலும்புத் துண்டை, அதாவது சடிலை, வெளியே எடுத்து, தட்டையான கண்ணாடியில் ஒட்டிய உப்புத்தாளில் அடிப்பக்கத்தைத் தேயுங்கள். பன்னிரண்டாம் பிரெட்டில் 1 மில்லிமீட்டர் இறங்க, சடிலில் 2 மில்லிமீட்டர் தேய்க்க வேண்டும், அந்தப் பிரெட் தந்தியின் நடுவில் இருப்பதால். கொஞ்சம் தேய்த்து, போட்டு, அளந்து, திரும்பத் தேயுங்கள். தேய்த்த எலும்பு திரும்ப வளராது.

ஆனால் பிள்ளைகள் விரல் நோகுதென்று கிற்றாரை விடுவதற்குப் பெரும்பாலும் காரணம் மற்ற முனை, தலைப்பக்கத்தில் தந்திகள் வெட்டுகளுக்குள் உட்காரும் நட். மூன்றாம் பிரெட்டில் தந்தியை அழுத்திக்கொண்டு முதலாம் பிரெட்டைப் பாருங்கள். தந்திக்கும் பிரெட்டுக்கும் இடையே ஒரு மயிரிழைதான் இருக்க வேண்டும். அரை மில்லிமீட்டர் இருந்தால் எஃப் (F) கோர்ட் என்ற சுரக்கூட்டை எந்தப் பிள்ளையாலும் பிடிக்க முடியாது. பிள்ளைக்குக் கை வராது என்று சொல்லிக் கூட்டி வந்த எத்தனையோ பேருக்கு நட்டின் வெட்டை ஆழமாக்கிக் கொடுத்திருக்கிறேன். அடுத்த மாதம் அதே பிள்ளை வாசிக்கும். மெல்லிய அரத்தால் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும். தவறி ஆழமாகிவிட்டால், வெட்டுக்குள் அப்பச் சோடாவை நிரப்பி ஒரு துளி சூப்பர் குளூ விடுங்கள். உடனே கல்லாக இறுகிவிடும். திரும்ப வெட்டலாம்.

அம்பிளிஃபையருக்கு முன்னால் கொஞ்சம் பொறுங்கள்

கிற்றாரில் தவறு நடந்தால் மரம்தான் உடையும். அம்பில், அதாவது கிற்றாரின் சத்தத்தைப் பெருக்கும் அம்பிளிஃபையரில், தவறு நடந்தால் ஆள் போய்விடலாம். ஸ்கொட்லாந்துக் கிற்றார் கலைஞர் லெஸ்லி ஹார்வி 1972 மே 3ஆம் திகதி சுவான்சியில் மேடையில், எர்த் சரியாக இல்லாத மைக்கைத் தொட்டுத்தான் இறந்தார். கையில் கிற்றார் தந்தி, மறு கையில் மைக். இரண்டுக்கும் நடுவே ஆளின் உடம்பு.

எங்கள் வீடுகளில் ஒரு பழக்கம் உண்டு. ரெண்டு பின் பிளக்கைச் செருகுவதற்கு எர்த் துவாரத்துக்குள் பேனை மூடியைக் குத்துவது. கிற்றார் அம்புக்கு அதைச் செய்யவே கூடாது. பழைய அம்பின் பிளக்கில் எர்த் பின் வெட்டியிருந்தால், இரண்டு வயர் மட்டும் ஓடினால், கறண்ட் கொடுக்காமல் முதலில் மூன்று வயர் கேபிளும் 13 அம்பியர் பிளக்கும் போடச் செய்யுங்கள். வீட்டு மெயின் பெட்டியில் ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று அதிலிருக்கும் டெஸ்ட் பொத்தானை அமுக்கிப் பாருங்கள்.

அடுத்து, பின்பக்கத் தகட்டை வாசியுங்கள். ஜப்பானில் இருந்து பழைய சாமானாக வந்த அம்பில் 100 வோல்ட் என்று எழுதியிருக்கும். எங்கள் கறண்ட் 230. நேரே குத்தினால் அந்த நொடியே எரிந்துவிடும். இறக்கிக் கொடுக்கும் ட்ரான்ஸ்போர்மர் வேண்டும். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் கேட்டுப் பாருங்கள். தகட்டில் எழுதியிருக்கும் வொட்ஸைப் போல இரண்டு மடங்கு தாங்குவதாக வாங்குங்கள்.

வால்வ் அம்ப் என்றால் உறையைத் திறக்க வேண்டாம். பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே கப்பாசிற்றர்களில் நூற்றுக்கணக்கான வோல்ட் தங்கி நிற்கும். இருபது வருடம் கிடந்த கப்பாசிற்றர்கள் காய்ந்தும் இருக்கும். நல்ல மெக்கானிக் முதல் தடவை கறண்ட் கொடுக்கும்போது பழைய இழை பல்ப் ஒன்றை வரிசையில் இணைத்துத்தான் கொடுப்பார். பல்ப் மின்னி மங்கினால் நல்லது, பளிச்சென்றே எரிந்தால் உள்ளே ஷோட். உங்கள் மெக்கானிக் இதைச் செய்வாரா என்று கேளுங்கள். ஸ்பீக்கர் இணைக்காமல் வால்வ் அம்பைப் போடவும் கூடாது. அவுட்புட் ட்ரான்ஸ்போர்மர் போய்விடும்.

கறண்ட் வந்த பிறகு காதால் கண்டுபிடிக்கக்கூடியது ஒன்று உண்டு. எதுவும் வாசிக்காமலே 'ம்ம்ம்' என்று அம்ப் முனகினால், ஆறாம் தந்தியின் மூன்றாம் பிரெட்டைத் தட்டுங்கள். அது ஜீ (G) சுரம், 98 ஹேர்ட்ஸ். முனகல் அதோடு ஏறத்தாழ ஒத்துப் போனால் அது 100 ஹேர்ட்ஸ். பெரும்பாலும் பவர் பகுதிக் கப்பாசிற்றர் காய்ந்திருக்கிறது. அதைவிட ஒரு ஸ்தாயி கீழே கேட்டால் 50 ஹேர்ட்ஸ். அப்போது கேபிளையும் எர்த்தையும் பாருங்கள். இதை மெக்கானிக்கிடம் சொன்னாலே பாதி வேலை முடிந்துவிடும்.

வொலியூமைத் திருப்பும்போது கரகரத்தால், பிளக்கைக் கழற்றிவிட்டு, கொன்டாக்ட் கிளீனரை வெளியில் இருந்தே தண்டின் ஓரமாக விட்டு முப்பது தடவை திருப்புங்கள். ஸ்பீக்கர்க் கடதாசி கிழிந்திருந்தால் உடனே மாற்ற வேண்டாம். மெல்லிய ரிஷுவும் தண்ணீர் கலந்த வெள்ளைப் பசையும் போதும். கிழிசலோடும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். கிங்க்ஸ் (Kinks) குழுவின் டேவ் டேவிஸ் 1964இல் தன் சின்ன எல்பிகோ அம்பின் ஸ்பீக்கரை வேண்டுமென்றே பிளேட்டால் கிழித்துத்தான் ஒரு உறுமல் சத்தத்தை எடுத்தார்.

அப்பாவின் அம்ப் மருதானையில் ஒரு ரேடியோ திருத்துபவர், பழுதான வால்வ் ரேடியோவில் இருந்து கட்டிக் கொடுத்தது. எட்டு அங்குல ஸ்பீக்கர், பிளைவூட் பெட்டி, முன்னால் கெய்சர் தெருவில் வாங்கிய மண்ணிறத் துணி. போட்டு ஒரு நிமிடம் கழித்துத்தான் சத்தம் வரும், வரும்போது சூடான தூசி மணமும் சேர்ந்து வரும். அதை வெள்ளவத்தையில் மாமி வீட்டில் வைத்துத்தான் அப்பாவும் அவரோடு வாசித்தவர்களும் பழகுவார்கள். 1983 ஜூலையில் அந்த வீட்டோடு அதுவும் எரிந்து போனது. கிற்றார் அந்தக் கிழமை கோயில் மண்டபத்தில் இருந்ததால் தப்பியது. அந்த அம்பின் சத்தம் எங்கும் பதிவாகவில்லை. குவீனின் ஜோன் டீக்கன் 1972இல் குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த ஒரு சர்க்கியூட்டில் கட்டிய பட்டறி அம்பைப் பல வருடம் கழித்தும் ஆராய்ந்து நகல் செய்தார்கள் என்று அறிந்தபோது அப்பாவின் பெட்டியைத்தான் நினைத்தேன். ஆகவே பழைய அம்ப் ஒன்று உயிரோடு கிடைத்தால், எதையும் மாற்றுவதற்கு முன் அது இப்போது எழுப்பும் சத்தத்தைப் பதிவு செய்யுங்கள். முனகலோடு, கரகரப்போடு.

இன்னொன்று, கறண்ட் போனால் உடனே அம்பின் சுவிட்சை நிறுத்துங்கள். 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை கறண்ட் வெட்டிய நாட்களுக்குப் பிறகு எனக்கு வந்த அம்புகள் பல, கறண்ட் திரும்பி வந்த அந்த நொடியில்தான் செத்திருந்தன.

திரும்ப அலுமாரிக்கு மேலே வேண்டாம்

அலுமாரிக்கு மேல் சூடு தேங்கும், தூசியும் தங்கும். கடல் பக்கம் பார்த்த யன்னலுக்கு அருகிலும் வேண்டாம். வெள்ளவத்தையில் ரெயில் பாதைப் பக்க வீடுகளில் இரும்புத் தந்தி ஆறு கிழமையில் துருப்பிடிப்பதை நான் கண்டிருக்கிறேன். வாசித்து முடிய உலர்ந்த பருத்தித் துணியால் ஒவ்வொரு தந்தியையும் மேலும் கீழும் துடையுங்கள். கிற்றாருக்குப் பிடித்த ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். கொழும்புக் காற்று அதைவிட எப்போதும் ஈரம். உறைக்குள் சிலிக்கா ஜெல் பைகளைப் போடுங்கள். உள்சுவரில், கைக்கெட்டும் உயரத்தில் தொங்கவிட்டால் இன்னும் நல்லது. கண்ணில் பட்டால் யாராவது எடுத்து வாசிப்பார்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் ஒரு மணித்தியாலம்கூட விட வேண்டாம், பசை இளகிவிடும்.

கடைசியாக, சின்னக் கடதாசியில் திகதியையும் செய்த வேலையையும் பென்சிலால் எழுதி, சத்த ஓட்டைக்குள் லேபிளுக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். மை வேண்டாம், ஈரத்தில் கரையும். 2009இல் அப்பாவின் கிற்றாருக்குள் ரோச் அடித்தபோது அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது: "1974. பிரிட்ஜ் ஒட்டியது. மொறட்டுவை. இனி நைலோன் மட்டும்." அதற்குக் கீழே என் வரியையும் ஒட்டினேன். கிற்றாரை அவர் மடியில் வைத்தபோது முதலில் ஜீ பிடித்தார், பிறகு ஆறாம் தந்தியைக் காதுக்கு அருகே வைத்துக் கேட்டுவிட்டு, "பிள்ளை, இது கொஞ்சம் இறங்கி நிக்குது" என்றார்.